வெள்ளை வேனில் ஒரு பெரியம்மா

அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, சக்கர நாற்காலிகளை மடித்துச் சாத்தி வைத்திருக்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. ஒரு மேசை, டெலிபோன் போர்டு, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, கிறீச்சென்று சத்தம் போடும் சுழல் நாற்காலி. அங்கே அவள் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் போர்டக்கா. பிரசவ வார்டு எண்ணும் ரத்த வங்கி எண்ணும் பார்க்காமலே அவள் விரலுக்குத் தெரியும். அழுதுகொண்டே பேசுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பேசுவாள். "இணைக்கிறேன், லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வாள். இரண்டு பேர் பேசத் தொடங்கியதும் நடுவில் இருக்கிறவள் காதை எடுத்துவிட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். வீட்டிலும் அவள் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தாள்.

வீடு என்பது தம்பி வீடு. தம்பிக்குப் பெயிண்ட் கடை. போர்டக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முறை பேச்சு வந்தது, இரண்டு முறையும் வந்த வழியே போனது. அப்புறம் யாரும் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. தம்பி மனைவி வாய் நிறைய அண்ணி அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் எதையும் கேட்கமாட்டார்கள். திரைச்சீலை வாங்கினாலும் சரி, தொலைக்காட்சியை மாற்றினாலும் சரி, வாங்கி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். "அக்காவுக்கு எதுன்னாலும் சரிதான்" என்பான் தம்பி. அது நிஜம்தானா என்று அவளே யோசித்ததில்லை.

மலைக்குப் போவதும் அப்படித்தான் முடிவானது. தம்பி மனைவியின் அண்ணன் குடும்பமும் சேர்ந்து பதினோரு பேர், இரண்டு வெள்ளை வேன்கள், நாலு நாள். லீவுக் கடிதத்தைக்கூடத் தம்பிதான் எழுதிக் கொடுத்தான். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. அதுவரை அவள் ஏறியதிலேயே பெரிய உயரம் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி.

வேனில் அவளுக்கென்று இடம் இல்லை. இடமே தராமல் இல்லை, இரண்டிலும் இருந்தது. வளைவில் தம்பி மகளுக்கு வாந்தி வந்தால் — அவளுக்கு அத்தைதான் முதுகு நீவ வேண்டும் — முதல் வேன். பின்னால் வரும் வேனில் சின்னப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் அங்கே போய் நடுவில் உட்கார வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறும்போது, "அக்கா, இந்தத் தடவை அங்க போயிடேன்" என்பான் தம்பி. அங்கேயும் இங்கேயும் பந்து போல உருண்டுகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு காட்சி முனைக்குப் போனார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், ஏழு மலை அடுக்கடுக்காகத் தெரியும் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. தெரிந்தது அந்தப் பலகை மட்டும்தான். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பால் கொட்டியது போல ஒரே வெள்ளை. ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று அந்த வெள்ளைக்கு முன்னால் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். போர்டக்கா கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்கப் படிந்தது. கழற்றி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். கம்பளித் தொப்பி காது வரை இறங்கியிருந்தது. கண்ணும் தெரியவில்லை, காதும் சரியாகக் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி தடவித் தடவி நடந்தாள்.

வேன்கள் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை. ஒன்றில் கதவு திறந்திருந்தது, இருக்கைக்குப் பழுப்பு உறை. அவர்கள் வேனுக்கும் பழுப்பு உறைதான். கடைசி வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, காலால் இருக்கைக்கு அடியில் துழாவினாள். பை ஒன்று தட்டுப்பட்டது. தன் பைதான், போன்கூட அதற்குள்தான் இருக்கிறது என்று நிம்மதியாகி, பச்சை ஷாலை மூக்கு வரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்கள் சளசளவென்று ஏறினார்கள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒரு குரல். "வந்தாச்சு, வந்தாச்சு, கிளப்புங்க" என்று இன்னொன்று. வேன் கிளம்பியது.

இரண்டாவது வளைவில்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். முன்னால் ஒரு தலை தெரிந்தது. அடர்த்தியான முடி, மை போட்டது. தம்பிக்கு நடு மண்டை வழுக்கை. ராத்திரியோடு ராத்திரியாக அவனுக்கு முடி முளைத்திருக்க வழியில்லை. பக்கத்துத் தலையைப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த தலையைப் பார்த்தாள். ஒன்றுகூட அவளுக்குச் சொந்தமான தலை இல்லை. காலடியில் இருந்த பையும் வேறு யாருடையதோ.

வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் தங்க நிறக் கண்ணாடி போட்டிருந்த அம்மாள் திரும்பி, உரித்த ஆரஞ்சுச் சுளைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எடுத்துக்குங்க. வளைவு வருது, புளிப்பா எதாச்சும் வாயில இருந்தா குமட்டாது."

போர்டக்கா திருதிருவென்று விழித்தாள். கை மட்டும் தானாக நீண்டு சுளையை வாங்கிக்கொண்டது.

"ஜன்னலைச் சாத்துங்க, பெரியம்மாவுக்குக் காத்து அடிக்குது பாருங்க" என்றாள் இன்னொரு அம்மாள், பட்டையாகச் சால்வை போட்டவள். ஓர் இளைஞன் எழுந்து வந்து அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனான். யாரும் 'நீங்கள் யார்' என்று கேட்கவில்லை. அது எப்படி? ஒருவேளை தனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா? இவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், தான்தான் மறந்துவிட்டோமா என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்துபோனாள்.

பேச்சைக் காது கொடுத்துக் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. காது கொடுப்பதில் அவளுக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம் இருந்ததே. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளை. கடைசி வரிசையில் மறுகோடி ஜன்னலில் சாய்ந்திருந்த பெண் மணப்பெண். கல்யாணமாகி மூன்று வாரம். தங்கக் கண்ணாடி அம்மாள் மாப்பிள்ளைக்கு அம்மா, சால்வை அம்மாள் பெண்ணுக்கு அம்மா. இரண்டு சம்பந்தி வீடும் ஒன்றாக மலைக்கு வந்திருக்கிறார்கள். இன்னொரு வேனும் உண்டு. முந்தைய நாள் சாயங்காலம் இரண்டு பக்கத்திலிருந்தும் சில பெரியம்மா, சித்தப்பாக்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நூறு பெரியம்மா வந்து போயிருப்பார்கள், யாரை யார் ஞாபகம் வைத்திருப்பது? அதிலும் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற பெரியம்மாவை. மாப்பிள்ளை வீடு அவளைப் பெண் வீட்டுக்காரி என்று நினைத்தது. பெண் வீடு மாப்பிள்ளை வீட்டுக்காரி என்று நினைத்தது. 'நீங்க யாரு' என்று கேட்டால் எதிர்ப்பக்கம் கோபித்துக்கொள்ளுமே என்று இரண்டு பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தன.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் வேன் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த வளைவு முடியட்டும். முடிந்தது. அடுத்தது வந்தது. அதுவும் முடியட்டும் என்றிருந்தபோது பெண்ணின் அப்பா, மை போட்ட தலைக்காரர், அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. மலைக்கு வந்தது சரியா, இல்ல பேசாம கடல் பக்கம் போயிருக்கலாமா? வந்ததிலேர்ந்து இதே பேச்சுதான் ஓடுது."

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் அவள் பதிலுக்காகக் காத்திருந்து அவள் பார்த்ததே இல்லை.

"மலை நல்லாத்தான் இருக்கும்னு தோணுது" என்றாள் மெதுவாக. "கண்ணுக்குத் தெரிஞ்சா."

வேன் குலுங்கிச் சிரித்தது. மாப்பிள்ளை திரும்பி, "பெரியம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க, வீடியோல போடறேன்" என்றான். போர்டக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. சந்தோஷமா, வெட்கமா, திருட்டுப் பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல வந்ததை ஆரஞ்சுச் சுளையோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டாள்.

அடுத்து ஓர் அருவி. இறங்கியதும் யாரையாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது, போன் வாங்கித் தம்பியிடம் பேசிவிடுவது என்று தீர்மானித்துத்தான் இறங்கினாள். அங்கே தம்பியின் எண் நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர் வீட்டு எண் வரை தெரியும். தம்பி எண்? அது போனில் தம்பி என்று இருந்தது, அமுக்கினால் போகும், அவ்வளவுதான். படியில் தண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளையின் அப்பா அவள் கையைப் பிடித்து, "பாத்து, பாத்து, இங்க பாசி" என்று ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். அருவிக்கு முன்னால் நிற்க வைத்து இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பக்கம் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கைகள் கனமாக இருந்தன. எடுத்துவிட வேண்டும் என்றும் தோன்றியது, கொஞ்சம் இருக்கட்டும் என்றும் தோன்றியது. இது என்ன புத்தி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே மறுபடி அதே வேனில், அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பிறகு ஓர் ஏரி. மூட்டம் அங்கே கொஞ்சம் விலகியிருந்தது. கரையில் டீக்கடைகள், தொப்பிக் கடைகள், படகுத்துறை. மற்றவர்கள் படகுச் சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். போர்டக்கா ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தாள். மணப்பெண் இரண்டு கையிலும் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை அவளிடம் கொடுத்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க யாரு வீட்டுப் பெரியம்மா?"

போர்டக்கா டீயைப் பெஞ்சில் வைத்தாள். "அம்மாடி, நான்... நானே சொல்லத்தான் இருந்தேன். மூட்டத்துல வேன் மாறி ஏறிட்டேன். சத்தியமா வேணும்னு ஏறலை."

"தெரியும்" என்றாள் பெண். "நீங்க ஏறி உக்காந்தப்பவே தெரியும். எங்க வீட்டுப் பெரியம்மா எல்லாரையும் எனக்குத் தெரியும். அவங்க வீட்டுல வந்திருக்கறவங்க யார் யாருன்னு இந்த மூணு வாரமா மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். நீங்க ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல."

"அப்ப ஏம்மா சொல்லலை?"

பெண் படகுத்துறைப் பக்கம் தாடையைக் காட்டினாள். இரண்டு அம்மாக்களும் வரிசையில் ஒருவரை ஒருவர் "நீங்க முன்னாடி நில்லுங்க", "பரவால்ல, நீங்க நில்லுங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முந்தாநாள் லாட்ஜுக்கு வந்ததிலேர்ந்து ரெண்டு பேருக்கும் ஆகலை. மலை தெரியற ரூம் அவங்களுக்கு, சமையக்கட்டுச் சுவர் தெரியற ரூம் எங்க அம்மாவுக்கு. அதுல ஆரம்பிச்சுது. நேத்து முழுக்க வேன்ல முள்ளு மேல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு நீங்க ஏறினீங்க. உங்களை அந்தப் பக்கத்து ஆளுன்னு அம்மா நெனச்சாங்க, இந்தப் பக்கத்து ஆளுன்னு அத்தை நெனச்சாங்க. வேத்து வீட்டு ஆள் காதுல விழக்கூடாதுன்னு ரெண்டு பேரும் என்ன மரியாதையா பேசறாங்க பாத்தீங்களா? கல்யாணத்தன்னிக்குக் கூட இப்படி இல்ல."

போர்டக்கா படகுத்துறையைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை தான் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது பார்த்தால் தன்னை வைத்து இந்தச் சின்னப் பெண் ஊரையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள். கோபப்பட வேண்டுமா, பாவப்பட வேண்டுமா?

"உங்க வீட்டுல தேடுவாங்கன்னு எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு" என்றாள் பெண், டீயைப் பார்த்தபடி. "ஆனா நீங்களும் ஒண்ணும் சொல்லலியே. அருவில இறங்கினீங்க, மறுபடி ஏறிட்டீங்க. அதான் எனக்குப் புரியலை. நீங்க ஏன் பெரியம்மா சொல்லலை?"

போர்டக்கா தனக்குள் காரணம் தேடிப் பார்த்தாள். "தெரியலைம்மா" என்றாள். அவள் அன்று சொன்னதிலேயே முழு உண்மை அதுதான்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "சுற்றுலாப் பயணிகள் கவனத்துக்கு. சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, பச்சை ஷால் அணிந்த, ஐம்பத்து நாலு வயது மதிக்கத்தக்க, ஞாபக மறதியுள்ள ஒரு அம்மாளைக் காணவில்லை. மனம் குழம்பிய நிலையில் இருப்பதால், பார்ப்பவர்கள் பயமுறுத்தாமல் படகுத்துறை அலுவலகத்துக்கு அழைத்து வரவும்."

ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று உச்சுக்கொட்டினாள் போர்டக்கா. மணப்பெண் அவளையே பார்த்தாள். போர்டக்கா குனிந்து தன் ஷாலைப் பார்த்தாள். பச்சை. தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். சாம்பல்.

"ஞாபக மறதியா?" என்றாள். "எனக்கா?"

படகுத்துறை அலுவலகம் என்பது ஒரு மரக்கூண்டு. உள்ளே மப்ளர் சுற்றி மூக்குறிஞ்சிக்கொண்டு ஒரு அறிவிப்பாளர், முன்னால் மைக். மணப்பெண்ணும் கூட வந்தாள். "காணோம்னு சொன்னீங்களே, அது நான்தான்" என்றாள் போர்டக்கா.

அறிவிப்பாளர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். "உட்...காருங்க...ம்மா. பயப்...படாதீங்க" என்று ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து, கூண்டு அதிரக் கத்தினார்.

"காது நல்லாக் கேக்குதுங்க."

"சரிம்மா, சரிம்மா. இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பாப்போம்?"

வாயைத் திறந்தாள். வரவில்லை. மூன்று நாளாக வேலைக்குப் போகாததில் கிழமை எங்கேயோ நழுவிப் போயிருந்தது. செவ்வாயா? புதனா? மணப்பெண்ணைப் பார்த்தாள். அவளும் விரல் விட்டு எண்ணினாள். அறிவிப்பாளர் முகத்தில் இரக்கம் சொட்டியது. "பரவால்லம்மா, மகன் கிட்டச் சொல்லிடறோம், வந்துடுவாரு."

"மகன் இல்ல, தம்பி!" என்றாள். அவளுக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, கீழே இருந்த பொத்தானை அமுக்கினாள்.

"கவனிக்கவும்" என்றது ஏரி முழுவதும் ஒரு குரல். நிதானமான, வழவழப்பான, தப்பே இல்லாத குரல். "சற்று முன் அறிவிக்கப்பட்ட அம்மாள் படகுத்துறை அலுவலகத்தில் நலமாக இருக்கிறார். வேன் மாறி ஏறிவிட்டார். அவருக்கு ஞாபக மறதி இல்லை. மீண்டும் சொல்கிறோம், ஞாபக மறதி இல்லை. அவரைச் சேர்ந்தவர்கள் வந்து அழைத்துக்கொள்ளவும். நன்றி."

டீக்கடைக்காரர்கள்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். படகு வரிசையிலிருந்து தங்கக் கண்ணாடியும் சால்வையும் வேகமாக வந்தார்கள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இவங்க உங்க பக்கம் இல்லையா?"

"உங்க பக்கம்னு இல்ல நான் நெனச்சேன்!"

"கேட்டிருக்கலாமில்ல?"

"நான் கேட்டா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு..."

"நான் என்ன நெனச்சுடப் போறேன்? எப்பவும் என்னைத்தான் சொல்லுவீங்க."

மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டாள். போர்டக்கா இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க, ஆரஞ்சுப் பழத்துக்கு ரொம்ப நன்றி" என்றாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டாள். பெண்ணின் அம்மாவுக்குச் சிரிப்பதா, முறைப்பதா என்று முடிவு செய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு லாட்ஜ் வரை தாங்கியதா, அடுத்த வளைவிலேயே உடைந்ததா என்பது போர்டக்காவுக்குக் கடைசி வரை தெரியாது. படகுச் சீட்டு வீணாகக்கூடாது என்று யாரோ கூப்பிட, எல்லோரும் போனார்கள். மணப்பெண் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். போர்டக்கா அவளிடம் பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏரியின் அக்கரையில் தேடிக்கொண்டிருந்த இரண்டு வேனும் கால் மணி நேரத்தில் வந்தன. தம்பி ஓடி வந்து அவள் முழங்கையை இறுகப் பிடித்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"எங்கக்கா போனே? உயிரே போயிடுச்சு. நீ அந்த வேன்ல இருக்கேன்னு நாங்க நெனச்சோம், இங்க இருக்கேன்னு அவங்க நெனச்சாங்க. சாப்பிட உக்காந்தப்பதான் ஒரு தட்டு மிச்சமாச்சு."

இரண்டு மணி நேரம், என்று கணக்குப் போட்டது அவள் மனம். இரண்டு மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் அதே மனம் கேட்டது.

"ஞாபக மறதின்னு ஏன்டா சொன்னே?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "அங்க இருந்த போலீஸ்காரர், 'வளந்த ஆளுதானே, தானா வந்துடுவாங்க'ன்னு சொல்லிட்டாரு. அப்படிச் சொன்னாத்தான் உடனே தேடுவாங்கன்னு டிரைவர் சொன்னாரு. வேற வழி தெரியலைக்கா."

நியாயமாகத்தான் பட்டது. இருந்தும் வலித்தது.

"அத்தை, மைக்ல பேசினது நீங்களா?" என்றாள் தம்பி மகள், அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு. "யாரோ பெரிய அதிகாரின்னு நெனச்சேன். அப்பாவுக்கே தெரியலை!"

தம்பி அக்காவைப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் ஒரு முறைகூட ஆஸ்பத்திரி போர்டுக்குப் போன் போட்டதில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. "எப்பக்கா உனக்கு வேன் மாறினது தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டான்.

"இங்க வந்து இறங்கினப்புறம்தான்" என்றாள் அவள். பொய் அவ்வளவு சுலபமாக வந்து விழுந்ததில் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் காலை கிளம்ப வேண்டும். லாட்ஜ் அறையில் அவளும் தம்பி மனைவியும் பெட்டி கட்டினார்கள். வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. வராந்தாவில் நின்று எல்லோரும் "அதோ பாரு, இதோ பாரு" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக ஒளிந்திருந்த மலைகள் எல்லாம் வந்து நின்றன. தம்பி மனைவி ஒரு ஸ்வெட்டரை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். நேத்து ரெண்டாவது இடத்துல இறங்கினப்ப, நீங்க எங்கன்னு எனக்குத் தோணிச்சு. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அப்புறம், 'அந்த வேன்ல இருப்பாங்க'ன்னு விட்டுட்டேன். பாக்கணும்னுகூட எழுந்திரிக்கலை. அவர் கிட்டச் சொல்லலை. உங்க கிட்டச் சொல்லாம இருக்க முடியலை."

போர்டக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் நன்றாக அழுது வீங்கியிருந்தது. பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் போனது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அதிகம் செலவான சொல் அது. ஆனால் அன்று அது வரவில்லை.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது வளைவுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்னது தெரிஞ்சுது?"

"வேன் வேறன்னு."

தம்பி மனைவி ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் சொல்லலை?"

"அதான் எனக்கும் புரியலை. அந்த வேன்ல இருந்த கல்யாணப் பொண்ணு கேட்டப்பவும் சொல்லத் தெரியலை. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பயந்துட்டேன்னு சொல்லலாம். பயம் அஞ்சு நிமிஷத்துல போயிடுச்சே. உங்க மேல கோவமான்னு பாத்தேன். கோவமும் இல்ல. அங்க எல்லாரும் என்னைக் கேட்டாங்க. மலையா கடலான்னு."

"மலையா கடலான்னா?"

"ஆமா. எது நல்லாருக்குன்னு."

தம்பி மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டியது. "இதுக்கா அண்ணி?" என்றாள். பிறகு, கொஞ்சம் பொறுத்து, "நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னாள். தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இருவருக்கும் விளங்கவில்லை. ஆளுக்கொரு முனையாகப் போர்வையைப் பிடித்து மடித்தார்கள். முனைகள் பொருந்தாமல் மறுபடி உதறி மடித்தார்கள். இதைப் பற்றித் தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இருவருமே சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் ஆஸ்பத்திரியில் இந்தக் கதையை அவள் பலருக்குச் சொன்னாள். நர்சுகளிடம் சொல்லும்போது அது சிரிப்புக் கதை. கிழமை தெரியாமல் விழித்த இடத்தில் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மருந்துக்கடைப் பெண்மணியிடம் சொன்னபோது ஏனோ அது அந்த மணப்பெண்ணின் கதையாகிவிட்டது. சொல்லி முடித்ததும், "அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கோ" என்றாள் அந்தப் பெண்மணி, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்கள். தான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்ற இடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னாள். எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன. எதையும் அவள் நம்பவில்லை.